1.3 லிட்டரா, 2.6 லிட்டரா? ரோட்டரி எஞ்சின் வழக்கு

“மஸ்தா ஆர்எக்ஸ்-7 காரில் இருப்பது வெறும் 1.3 லிட்டர் எஞ்சின் என்று ரோட்டரி ரசிகர்கள் மார்தட்டுகிறார்கள். பிஸ்டன் கட்சிக்காரர்கள் அது பித்தலாட்டக் கணக்கு என்கிறார்கள். யார் சொல்வது சரி?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிஸ்டன் எஞ்சின் பள்ளியில் படித்ததுதான்: உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியேற்று. இந்த நான்கும் முடிய ஷாஃப்ட் (எஞ்சினின் சுழல்தண்டு) இரண்டு சுற்று சுற்றும். ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் பெயரில் வழங்கும் ரோட்டரியிலும் அதே நான்கு வேலைதான். ஆனால் மேலும் கீழும் போய்வர எதுவும் இல்லை, வால்வும் இல்லை. இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள், பக்கம் புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கிறது; அதுதான் ரோட்டர். மூன்று முனையும் எந்நேரமும் சுவரைத் தொட்டபடியே ஓடுவதால் சுற்றிலும் எப்போதும் மூன்று அறைகள்.

இதில் என்னைக் கிறங்கடிப்பது பல்சக்கரம். முக்கோணத்தின் நடுவில் உள்பக்கம் பல் வெட்டிய வளையம்; பக்கச் சுவரில் அசையாத சிறு சக்கரம். ஆர்எக்ஸ்-7இன் 13பி எஞ்சினில் வளையத்துக்கு 51 பல், சக்கரத்துக்கு 34. முக்கோணம் ஷாஃப்டில் மையம் தள்ளி அமைந்த பகுதியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் வளையம் சிறு சக்கரத்தின் 34 பல்லையும் உருண்டு முடித்துவிடும். 51இல் 34 போக மிச்சம் 17. முக்கோணம் திரும்புவது அந்த மூன்றில் ஒரு பங்குதான். பின்னால் வந்த ஆர்எக்ஸ்-8 காரில் எஞ்சின் வேக முள் 9000த்தைத் தொடும்போதுகூட உள்ளே ரோட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றுதான்!

சரி, வழக்குக்கு வருவோம். ஓர் அறை 654 சிசி. இரண்டு ரோட்டர், ஆளுக்கு ஓர் அறை என்று எண்ணி 1308 என்கிறது மஸ்தா. பிஸ்டன் எஞ்சின் தன் முழுக் கொள்ளளவையும் உறிஞ்ச இரண்டு சுற்று எடுக்கிறது. அதே இரண்டு சுற்றில் 13பி நான்கு அறைகளை நிரப்பிவிடும்: 2616 சிசி. ஆறு அறையையும் கூட்டி 3.9 என்பாரும் உண்டு. அதற்கு மூன்று சுற்று வேண்டும் என்பதால் ஒப்பீடு பொருந்தாது. என் தீர்ப்பு 2.6. ஜப்பானிய வாகன வரி 1.5ஆல் பெருக்கி நடுவில் நிற்கிறது.

அதற்காக ரோட்டரியின் பெருமை குறையாது. 1960களில் முக்கோணத்தின் முனைகளில் கசிவைத் தடுக்கும் சீல்கள் அதிர்ந்து கூட்டின் சுவரில் வரிவரியாகக் கீறின. ஹிரோஷிமாவில் மஸ்தாவின் பொறியாளர்கள் அதைப் பேயின் நகக்கீறல் என்றார்கள். கெனிச்சி யமமோட்டோவின் 47 பேர் குழு மல்லுக்கட்டி, கார்பனும் அலுமினியமும் கலந்த சீலால் அதைத் தீர்த்தது. 1967இல் மஸ்தாவின் ரோட்டரி கார் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. பலன் தெரியாத ஆராய்ச்சிக்குப் பொறுமையாகப் பணம் போடும் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

1991இல் மஸ்தாவின் நான்கு ரோட்டர் பந்தயக் கார் 787பி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அது ஜெயித்துவிட்டதே என்ற பொறாமையில்தான் ரோட்டரியைத் தடைசெய்தார்கள் என்று ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் ரோட்டரிக்கு இடமில்லாமல் செய்த 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் விதி அந்தப் பந்தயத்துக்கு முன்பே முடிவானது.

பெட்ரோல் விஷயத்தில் பிஸ்டன் கட்சிதான் சரி. ரோட்டரியின் அறை நீண்டு ஒடுங்கியது. சுவர்கள் வெப்பத்தை இழுத்துக்கொள்ள, மூலைக்குப் போகும் முன்பே தீ அவிந்துவிடும், எரியாத பெட்ரோல் புகையோடு போகும். சீலுக்காக அறைக்குள் விடும் எண்ணெயும் சேர்ந்து எரியும். 2023இல் மஸ்தா எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது சக்கரத்தோடு இணைக்கவில்லை. 830 சிசி ஒற்றை ரோட்டர், பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்கும் வேலையை மட்டும் பார்க்கிறது.