‘எவ்ரிஒன்’ கொடுத்தால் ஷேரிங் சரியாகிவிடாது

போன வாரம் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கூப்பிட்டார்கள். ஐந்து கம்ப்யூட்டர். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா இருக்கும் ஷேர் ஃபோல்டர் புதிய லேப்டாப்பில் மட்டும் திறக்கவில்லையாம். போய்ப் பார்த்தால் டேட்டா இருக்கும் மெஷினில் ஃபயர்வால் ஆஃப், பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங் ஆஃப், ஃபைல் பகிர்வதற்கான பழைய முறையான எஸ்எம்பி 1 ஆன், போதாக்குறைக்கு டி டிரைவ் முழுவதுக்கும் எவ்ரிஒன் ஃபுல் கண்ட்ரோல், அதாவது யார் வந்தாலும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். “வீடியோ பார்த்து எல்லாம் பண்ணிட்டேன் சார், அப்பவும் வரல” என்றார் கணக்குப் பார்க்கும் தம்பி. இந்த மாதத்தில் இப்படி நான்காவது ஆபீஸ்.

லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 11 ப்ரோ, 2024இல் வந்த 24எச்2 பதிப்பு. பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்தினால் உள்ளே வரும் ஆளை டேட்டா இருக்கும் மெஷின் கெஸ்ட், அதாவது யாரென்று தெரியாத விருந்தாளி என்றுதான் விடும், புதிய விண்டோஸோ கெஸ்ட்டாகப் போக மறுத்துவிடும். திறப்பதற்காகச் செய்த வேலைதான் கதவை அடைத்திருக்கிறது.

எனக்கு ஆற்றாமை இந்த எவ்ரிஒன் விஷயத்தில்தான். ஃபோல்டருக்கு இரண்டு பூட்டு. அதன் ப்ராப்பர்டீஸில் ஷேரிங் டேபில் ஒன்று, செக்யூரிட்டி டேபில் ஒன்று. நெட்வொர்க் வழியாக வரும்போது இரண்டையும் பார்த்து, எது குறைவாக அனுமதிக்கிறதோ அதைத்தான் விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். ஷேரிங்கில் எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுத்து, செக்யூரிட்டியில் யார் யார் என்று பெயர் சொல்லி வைப்பது நாங்களே செய்வதுதான், அதில் தப்பில்லை. செக்யூரிட்டியிலும் எவ்ரிஒன் போட்டால் பூட்டே இல்லை. “நம்ம ஆளுங்கதானே சார்” என்கிறார்கள். ஆள் நம்பிக்கையானவர்தான், அவர் மெஷினில் நுழைந்த வைரஸ்? அவர் எதை அழிக்க முடியுமோ அதையெல்லாம் அதுவும் அழிக்கும். சென்ற வருடம் வேறொரு ஆபீஸில் பில் என்று வந்த மெயிலை ஒருவர் திறந்தார். ஷேரில் இருந்த ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது, எதுவும் திறக்கவில்லை. பேக்கப் டிஸ்க்கும் அதே மெஷினில் செருகியபடி இருந்ததால் அதுவும் போயிற்று.

எஸ்எம்பி 1 பற்றிக் கேட்கவே வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பழைய ஸ்கேனருக்காக அதை ஆன் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், பென்டிரைவில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

முதலில் திரையில் வந்ததைப் படியுங்கள். நெட்வொர்க் பாத், அதாவது அந்த மெஷினுக்குப் போகும் வழி, கிடைக்கவில்லை என்றால் பெர்மிஷனைத் தொடாதீர்கள், நெட்வொர்க் ப்ரைவேட்டா பப்ளிக்கா என்று பாருங்கள், மெஷினின் ஐபி முகவரி மாறியிருக்கிறதா பாருங்கள். பாஸ்வேர்டு தப்பு என்றால் அடித்தது கம்ப்யூட்டரைத் திறக்க வைத்திருக்கும் பின் நம்பரா? பாதிப் பேர் அதைத்தான் அடிக்கிறார்கள், நெட்வொர்க்கில் அது செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்ட்டும் செல்லாது. ஆக்சஸ் டினைடு வந்தால் மட்டும் பெர்மிஷன் பக்கம் போங்கள்.

ஈரோட்டில் ஐந்து பேருக்கும் தனித்தனி யூசர், பாஸ்வேர்டு போட்டு, டேலி ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்து, எவ்ரிஒன்னை எடுத்துவிட்டு, ஃபயர்வாலை ஆன் செய்தேன். லேப்டாப்பில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் இருந்த பழைய பதிவை அழித்ததும் ஃபோல்டர் திறந்தது. அரை மணி நேர வேலை. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி அந்தத் தம்பியின் கையில் கொடுத்து, மாலையில் காப்பி எடுத்ததும் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.