குதிகாலில் ஒரு பூட்டு

மைக்கேல் ஜாக்சனின் ‘ஸ்மூத் கிரிமினல்’ பாடலைப் பார்த்தவர்கள், அவர் உடலைக் கம்பு போல விறைப்பாக வைத்துக்கொண்டு ஏறக்குறைய 45 பாகை முன்னால் சாய்ந்து, விழாமல் நிமிரும் அந்தச் சில நொடிகளை மறந்திருக்க மாட்டார்கள். 1988இல் வெளியான காணொளியில் அவரைக் கம்பிகள் தாங்கின. நேரடி மேடையில் அது சரிப்படாது. கம்பியை மாட்டவும் கழற்றவும் நிகழ்ச்சியின் நடுவே ஆட்கள் வர வேண்டியிருக்கும். ஆகவே அவரும், அவருடைய ஆடை வடிவமைப்பாளர்களான மைக்கேல் புஷ், டென்னிஸ் டாம்ப்கின்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து ஒரு காலணியை உருவாக்கி, 1993 அக்டோபரில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர்.

நாம் நிமிர்ந்து நிற்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் (எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) இடுப்புப் பகுதியில், பாதங்களுக்கு நேர்மேலே இருக்கிறது. இடுப்பை மடக்காமல் கணுக்காலிலிருந்து சாய்ந்து பாருங்கள்: விரல்கள் தரையைப் பற்றும், கெண்டைக்கால் இறுகும், சிறிது நேரத்தில் குதிகால் தரையைவிட்டு எழும்பிவிடும். ஈர்ப்பு மையம் விரல்நுனியைத் தாண்டிய பிறகு எவ்வளவு வலிமையான தசையாலும் விழுவதைத் தடுக்க முடியாது. நன்கு பயின்ற நடனக் கலைஞர்கள்கூட 25 முதல் 30 பாகைவரைதான் எட்டுவார்கள் என்று, இந்த அசைவை ஆராய்ந்த சண்டிகர் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 2018இல் எழுதினர்.

ஜாக்சனின் காலணி செய்தது, எழும்ப முயலும் அந்தக் குதிகாலைத் தரையோடு பூட்டியதுதான். சுவர்க் கடிகாரத்தின் பின்புறம், ஆணித்தலை நுழைவதற்கு அகலமாகத் தொடங்கி அப்படியே குறுகிப்போகும் துளையைக் கவனித்திருப்பீர்கள். அதே உத்திதான் இங்கும். குதிகால் கட்டையின் முன்விளிம்பில் முக்கோணமாக ஒரு பிளவு. உரிய தருணத்தில் மேடைத் தளத்திலிருந்து மேலெழும், தலை பருத்த ஓர் ஆணி. பாதத்தை முன்னால் நகர்த்தினால் ஆணி பிளவின் குறுகிய முனைக்குள் சிக்கிக்கொள்ளும். பின்னால் இழுத்தால் விடுபடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 45 பாகை சாய்ந்தால், அவருடைய ஈர்ப்பு மையம் கணுக்காலுக்கு 60 சென்டிமீட்டருக்கும் மேல் முன்னால் போய்விடும். அவர் கவிழாதிருக்க, ஒவ்வோர் ஆணியும் குதிகாலை ஏறக்குறைய அவருடைய முழு எடைக்கு நிகரான விசையோடு பிடித்து வைக்க வேண்டும் என்பது எளிய நெம்புகோல் கணக்கு. ஆனால் ஆணி காலணியைத்தான் பிடிக்கிறது, உடலை அல்ல என்பதே இதில் நான் முக்கியமாகக் கருதுவது. கணுக்காலுக்கு மேலே உள்ள உடல் முழுவதையும் தாங்கும் பொறுப்பு கெண்டைக்கால் தசைக்கும், அதைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாணுக்கும் வந்துசேர்கிறது. நாண் கணுக்கால் மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே இழுப்பதால், ஒவ்வொரு காலிலும் அது உடல் எடையைப் போல ஐந்தாறு மடங்கு இழுவிசையைத் தாங்க நேரிடும். காலணியின் கணுக்கால் பிடிமானம் இதில் ஒரு பங்கை ஏற்றாலும், முதுகும் வயிறும் தொடையும் தளராமல் இருந்தால்தான் அந்த நேர்கோடு உடையாமல் நிற்கும். இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்குவோர் இந்த உழைப்பைக் காணத் தவறுகிறார்கள். காலணியும் பயிற்சியும் இன்றி அவரைப் பின்பற்ற முயன்ற ரசிகர்கள் பலர் காயமடைந்ததையும் அந்த மருத்துவர்கள் குறிப்பிட்டுள்ளனர்.

இத்தனையும் பாடலின் தாளம் பிசகாமல் நடந்தாக வேண்டும்: குனிந்து பார்க்காமல் ஆணி இருக்கும் இடத்தில் பாதத்தை வைத்து, முன்னால் நகர்த்திப் பூட்டி, சாய்ந்து, நிமிர்ந்து, பாதத்தைப் பின்னிழுத்து விடுவித்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போக வேண்டும்.