விசா கேன்சல் ஆகும்போது கையில் என்ன இருக்கும்?

அமீரகத்தில் இருபது வருடம் உழைத்தாலும் நம்மவர்களுக்கு அங்கே மாத ஓய்வூதியம் கிடையாது. கிடைப்பது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது முதலாளி தரும் பணிக்கொடை. 'செட்டில்மெண்ட்' என்று கையில் வரும் பணத்தில் பெரும்பங்கு அதுதான். சந்தை எப்படிப் போகும், தங்கம் ஏறுமா, டாலர் ஏறுமா என்று விசாரிப்பவர்கள் நிறைய. தன் ஒப்பந்தத்தில் பேசிக் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்று உடனே சொல்லக்கூடியவர்கள் குறைவு. முதலில் அதைப் பார்ப்போம், ஏனென்றால் கணக்கே பேசிக்கில்தான்.

2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டப்படி, ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக்; அதற்குப் பிறகு 30 நாள். மொத்தச் சம்பளம் 3,500 திர்ஹாம், அதில் பேசிக் 2,000, எட்டு வருட வேலை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்துக்கு 105 நாள், அடுத்த மூன்றுக்கு 90 நாள், ஆக 195 நாள். கையில் வருவது 13,000 திர்ஹாம். 3,500-ஐ வைத்துக் கணக்குப் போட்டு வீடு கட்டத் திட்டமிட்டவர் இங்கேதான் அதிர்ந்துபோவார். கடைசியாக வாங்கிய பேசிக்கையே பார்ப்பார்கள் என்பதால், சம்பள உயர்வு பேசும்போது அலவன்சைவிட பேசிக்கைக் கூட்டச் சொல்லிக் கேட்பது லாபம். தானாக ராஜினாமா செய்தால் தொகை குறையும் என்பது பழைய சட்டம். இப்போது அப்படி இல்லை. வேலை முடிந்த 14 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். துபாய் சர்வதேச நிதி மையத்துக்குள் வேலை செய்பவர்களுக்கு முறை வேறு.

சரி, மாதா மாதம் மிச்சம் பிடிப்பதை எங்கே வைப்பது?

வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்திய வங்கியில் போட்டு வைக்கும் என்ஆர்ஈ வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகலாம். ஒரு வருடம் ஆகுமுன் உடைத்தால் வட்டியே கிடையாது. பணம் ரூபாயில் இருக்கும் என்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய இடம். திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால், டாலரோடு ரூபாய் படும் பாடு அப்படியே திர்ஹாமோடும் படும். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தொட்டபோது பதறினோம். 2025 டிசம்பரில் அது 90-ஐத் தாண்டியது. எஃப்சிஎன்ஆர் வைப்பு டாலர் போன்ற வெளிநாட்டு நாணயத்திலேயே 1 முதல் 5 வருடம் வரை இருக்கும், அதனால் இந்தச் சரிவு அதைத் தொடாது. வட்டி பொதுவாகக் குறைவு. என்னைக் கேட்டால், ஊரில் வந்து உட்கார்ந்து ரூபாயில் செலவு செய்யப்போகிறவருக்கு என்ஆர்ஈ போதும். பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்கும் எண்ணமிருந்தால் அந்தப் பங்கை எஃப்சிஎன்ஆரில் வைக்கலாம். எதுவானாலும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான்; மொத்தத்தையும் ஒரே வங்கியில் கொட்ட வேண்டாம்.

ஊரில் வரும் வீட்டு வாடகை, டிவிடெண்ட் எல்லாம் என்ஆர்ஓ கணக்குக்கு. இதன் வட்டிக்கு வரி உண்டு, வங்கியே பிடித்துக்கொள்ளும். புறப்படுமுன் வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கையும் என்ஆர்ஓவாக மாற்றியாக வேண்டும். வெக்கேஷனுக்கு வந்துபோகும் அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. வெளிநாட்டில் இருப்பவர் புதிதாகத் திறக்க முடியாது. ஊரில் இருந்தபோது திறந்ததை 15 வருடம் முடியும்வரை தொடரலாம், அதற்குமேல் நீட்டிக்க முடியாது. வெளிநாட்டில் இருந்துகொண்டே நீட்டித்த பழைய கணக்குகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் வட்டி பூஜ்ஜியம் என்று மத்திய நிதி அமைச்சகம் அறிவித்துவிட்டது. அப்பாவோ தம்பியோ தபால் நிலையத்தில் வருடா வருடம் கட்டிக்கொண்டிருந்தால் முதிர்வுத் தேதியை இன்றே கேளுங்கள்.

மாதா மாதம் ஓய்வூதியம் வேண்டும் என்றால் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இருக்கிறது. என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து பணம் கட்டலாம். ஓய்வுக்கான முதல் அடுக்குக் கணக்கு மட்டுமே, விருப்பப்பட்டபோது எடுக்கக்கூடிய இரண்டாம் அடுக்கு வெளிநாட்டில் இருப்பவருக்கு இல்லை. சந்தை ஆடினால் தூக்கம் போகும் ஆளாக இருந்தால், வயதுக்கேற்பப் பங்குகளின் அளவைத் தானே குறைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். மிதமான வகையில் 35 வயது வரை பாதிப் பணம் பங்குகளில் இருக்கும், 55-க்குள் அது 10 சதவீதமாக இறங்கிவிடும். முடிவில் ஒரு பகுதியைக் கொண்டு ஆயுள் முழுக்க வருமானம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்க வேண்டும். முன்பு குறைந்தது 40 சதவீதம். 2025 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு அரசு ஊழியர் அல்லாதவருக்கு 20 சதவீதம்.

அப்புறம், கேன்சல் பண்ணிக்கொண்டு வந்த பிறகு. இங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வந்திறங்கியதும், அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் உள்நாட்டவர். என்ஆர்ஈ கணக்கை வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், அதன் வட்டிக்கு இனி வரி உண்டு. எஃப்சிஎன்ஆர் மட்டும் ஒப்புக்கொண்ட வட்டியிலேயே முதிர்வு வரை ஓடலாம். பிறகும் டாலராகவே வைத்திருக்க விரும்பினால் ஆர்எஃப்சி என்று ஒரு கணக்கு இருக்கிறது. வருமான வரிச் சட்டமோ நாட்களை எண்ணும். முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தால், திரும்பிவந்தபின் கொஞ்ச காலம் வெளிநாட்டில் வரும் வட்டி, வாடகைக்கு இங்கே வரி கிடையாது. வந்து இறங்கும் மாதத்தை முடிவு செய்யுமுன் ஆடிட்டரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி நாட்களை எண்ணச் சொல்லுங்கள்.