ஸ்டேட்டர் – நிறைகாசு

பண்டைய கிரேக்க உலகில் புழங்கிய ஒரு காசின் பெயர் ஸ்டேட்டர். அதைத் தமிழில் ‘கிரேக்கப் பொற்காசு’ என்று எழுதிவிடுகிறோம். அது பொருந்தாது. பறக்கும் குதிரையைப் பொறித்துக் கொரிந்து நகரம் அடித்த வெள்ளிக் காசுக்கும் இதே பெயர்தான். இந்தப் பெயரில் பொன் இல்லை, எடைதான் இருக்கிறது.

கிரேக்க மொழியில் ‘ஹிஸ்டேமி’ என்றால் நிற்கச் செய்தல். தராசில் வைத்து எடை பார்ப்பதற்கும் அதே வினைதான். அதன் வேரில் பிறந்த சொல் ‘ஸ்டாட்டேர்’. தமிழிலும் பாருங்கள்: ஓட்டுநர் பேருந்தை நிறுத்துகிறார், நகைக்கடைக்காரர் தங்கத்தை நிறுத்துத் தருகிறார். இரு மொழிக்கும் உறவு என்று சொல்ல வரவில்லை. தராசுத் தட்டு ஆடி அடங்கி நிற்கும் கணம் இரண்டு மக்களின் கண்ணிலும் ஒரே மாதிரி பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ‘நிறைகாசு’ என்பதே சரியான சொல் என்பேன். நிறை என்பதற்கு முழுமை என்றும் பொருள் உண்டே என்றால், அதுவும் நல்லதற்கே. ஸ்டேட்டர்தான் முழுக்காசு, பாதி, ஆறில் ஒன்று என்று சிறுகாசுகள் அதிலிருந்தே கிளைத்தன. நாம் சொல்லும் பவுன்கூட, பவுண்டு என்ற எடையிலிருந்து வந்ததுதான்.

மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் (கி.மு. 359–336) அடித்த பொன் நிறைகாசு ஏறக்குறைய 8.6 கிராம், ஒரு சவரனைவிடச் சற்றுக் கூடுதல். ஒரு பக்கம் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் தலை, மறுபக்கம் இரட்டைக் குதிரைத் தேர். ஒலிம்பியா விளையாட்டுப் போட்டியில் தன் தேர் வென்ற பெருமையைக் காசிலேயே ஏற்றிவிட்டான்.

எனக்கு மிகப் பிடித்தது, இன்றைய கிரிமியாவின் கெர்ச் இருக்கும் இடத்தில் அன்றிருந்த பாண்டிகாபேயம் நகரம் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அடித்த காசு. முன்பக்கம் கலைந்த தாடியும் விலங்குக் காதுமாக ஒரு முகம். பாதி மனிதனும் பாதி விலங்குமான சாட்டிர் என்பாரும் உண்டு. வனதேவன் பான் என்றே நான் கொள்கிறேன், ஏனென்றால் கிரேக்கத்தில் ஊர்ப்பெயரின் முதல் அசை அதுதான். சிலேடையைப் படமாகவே செதுக்கியிருக்கிறார்கள்! பின்பக்கம், கொம்பும் சிறகும் முளைத்த சிங்கம் ஈட்டியொன்றை வாயில் கவ்வி, முன்காலைத் தூக்கி நிற்கிறது. இப்படிப்பட்ட சிங்கம் பாரசீகக் கலையில் பழகிய உருவம். வடக்கே தொலைவில் கிரிஃபின் என்னும் சிறகுள்ள சிங்க உடல் விலங்குகள் பொன்னைக் காவல் காக்கின்றன என்ற கதையையும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். சிங்கத்தின் காலடியில் கிடக்கிறது ஒரு தானியக் கதிர். ஏதென்ஸ் நகரம் வெளியிலிருந்து வாங்கிய தானியத்தில் பெரும்பங்கு இந்தக் கருங்கடல் கரையிலிருந்துதான் கப்பலேறியது.