திரில்லர்: ஓட்டையில் பிறந்த சொல்

போன வெள்ளிக்கிழமை அண்ணா சாலையில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி. ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், ஓர் அமைச்சரின் ஆட்களிடம் மாட்டிக்கொள்கிற கதை. வெளியே வந்தால் வாசலிலேயே மைக். எனக்கு முன்னால் நின்ற பையன், "பொலிட்டிக்கல் திரில்லர் ப்ரோ, செம! செகண்ட் ஹாஃப்ல ரெண்டு லாஜிக் ஓட்டை, அவ்ளோதான்" என்றான். ஒரே மூச்சில் ஓட்டையை இரண்டு தடவை சொன்னது அவனுக்குத் தெரிந்திருக்காது.

பழைய ஆங்கிலத்தில் 'திரெல்' என்றால் துளை. 'நாஸ்ட்ரில்' என்கிறார்களே, அதன் பின்பாதியும் இதே துளைதான். அப்படியே நம் மூக்குத்துளை. இந்தத் துளையிலிருந்து வந்து, ஆயுதம் உடம்பைத் துளைப்பதைச் சொல்லிவந்த 'திரில்' என்ற வினை, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் உணர்ச்சி உள்ளே பாய்வதையும் சொல்லத் தொடங்கியது. கதைக்கு 'திரில்லர்' என்று பெயர் விழுந்தது 19ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில்.

சரி, தமிழில்? 'திகில்' பேய்ப் படத்துக்குப் போய்விட்டது. 'மர்மம்' என்றால் செய்தவன் யார் என்பது கடைசிவரை மறைந்திருக்க வேண்டும். அரசியல் கதையில் அது பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே ஊருக்கே தெரியும். பிள்ளைகள் தப்பிப்பார்களா என்பதுதான் கேள்வி. (2011இல் வந்த 'கோ' வேறு மாதிரி. தேர்தலில் நிற்கும் இளைஞர்கள், கூடவே ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர். முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) 'சிலிர்ப்பு' பொருளளவில் நெருக்கம். ஆனால் 'சிலிர்ப்புப் படம்' என்று போஸ்டர் ஒட்டினால் அம்மன் படம் என்று குடும்பத்தோடு வந்துவிடுவார்கள்.

தமிழ் இந்த உணர்வை இரட்டைக்கிளவியில்தான் வைத்திருக்கிறது: பரபர, விறுவிறு. "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்கிறது தொல்காப்பியம். பிரித்தால் பொருள் போய்விடும். இதிலிருந்து வந்த பரபரப்பு, விறுவிறுப்பு இரண்டையும் விமர்சனம் எழுதுகிறவர்கள் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பரபரப்பு நடக்கிற விஷயத்தில் இருப்பது: கைது, போராட்டம், கசிந்த வீடியோ. விறுவிறுப்பு அதைச் சொல்கிற வேகத்தில் இருப்பது.

திரில்லரை விமர்சகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. அது படத்தின் வகையைச் சொல்கிறதே ஒழிய, பாராட்டாது. 'மொக்கை திரில்லர்' என்று தாராளமாக எழுதலாம். 'விறுவிறுப்பான படம்' என்று எழுதினாலோ தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. அதனால் வகைக்குப் 'பரபரப்புப் படம்', தீர்ப்புக்கு 'விறுவிறுப்பு' என்று பிரித்துக்கொள்வதுதான் என் கட்சி. டீக்கடை வால்போஸ்டர்களில் 'பரபரப்பு' கொஞ்சம் தேய்ந்துபோயிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஓடும்.

அன்று மைக் என்னிடம் வரவில்லை. வந்திருந்தால், "அரசியல் பரபரப்புப் படம்தான் தம்பி, விறுவிறுப்பு இடைவேளையோடு சரி" என்றிருப்பேன்.