ஒப்புக்கொடுத்தல்: கைகழுவுவதா, கையடையா?

"எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டோம்." ஆஸ்பத்திரி வராந்தாவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. வெளியாள் காதில் இது 'இனி செய்வதற்கு ஒன்றுமில்லை' என்றுதான் விழும். சபைக்குள்ளும் பலர் அப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

குழப்பத்துக்குத் தமிழ் வேதாகமமே ஒரு காரணம். மத்தேயு 27இல் இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்து கைகழுவுகிறான். இரண்டு வசனம் தள்ளி, இயேசுவைச் சிலுவையில் அறையும்படிக்கு 'ஒப்புக்கொடுத்தான்' என்று வருகிறது. 1 பேதுரு 4:19இல், பாடு அனுபவிக்கிறவர்கள் தங்கள் ஆத்துமாக்களைச் சிருஷ்டிகர்த்தாவுக்கு 'ஒப்புக்கொடுக்க' வேண்டும் என்று வருகிறது. தமிழில் ஒரே சொல், கிரேக்க மூலத்தில் இரண்டு. பிலாத்து செய்தது 'பராதிதோமி', அதாவது பிறர் கையில் விட்டுவிடுவது. பேதுரு சொல்வது 'பராதித்தேமி', நம்பிக்கையான ஒருவரிடம் பத்திரமாக வைத்திருக்கக் கொடுப்பது. (பராதிதோமிக்கும் நல்ல பொருள் உண்டு, 1 பேதுரு 2:23 பாருங்கள். ஆனால் பராதித்தேமியில் உள்ள 'வைப்பு' என்ற நிறம் அதில் இல்லை.)

இந்த இரண்டாவது சொல்தான் லூக்கா 23:46இல், சிலுவையில் இயேசு சொன்ன கடைசி ஜெபத்தில் வருகிறது: "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." அது சங்கீதம் 31:5இன் வரி. எபிரெயத்தில் வினைச்சொல் 'அஃப்கித்'. இதே வேரிலிருந்து வந்த 'பிக்காதோன்' இன்றைய இஸ்ரேலில் வங்கி டெபாசிட்டுக்குப் பெயர்! டெபாசிட் போட்டவர் பணத்தின் மேல் உரிமையை விட்டுவிடுவதில்லை. காக்கும் பொறுப்புதான் கைமாறுகிறது. யூதர்கள் இரவு படுக்கப் போகுமுன் இந்த வரியைச் சொல்லும் வழக்கம் உண்டு. காலையில் திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணத்தோடுதானே தூங்கப் போகிறார்கள்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'ஒப்பு' என்றால் சமம், இணக்கம். வாங்கியதும் கொடுத்ததும் ஒத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிறோமே, அதிலும் ஒரு எழுத்து குறையக் கூடாது. அதே லூக்கா வசனம் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'ஒப்படைக்கிறேன்' என்று இருக்கிறது. ஒப்பு, அடை இரண்டும் சேர்ந்த சொல். எனக்கு இது ஒரு படி நெருக்கமாகப் படுகிறது, அந்த 'அடை'க்காகவே.

ஏனென்றால் பாதுகாக்கக் கொடுத்த பொருளுக்குத் தமிழில் 'கையடை' என்றே பழைய பெயர் உண்டு. தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் கையடைப் படலம் என்று பெயர். 'உமது கையில்' என்ற ஜெபத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. வழக்கில் இல்லையே என்றால், 'அடைக்கலம்' இருக்கிறது. தஞ்சம் புகும் இடமும் அடைக்கலம்தான், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளும் அடைக்கலம்தான். சிலப்பதிகாரத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற ஆயர் குலப் பெண்ணிடம் விடுவது அடைக்கலக் காதை. காக்கக் கொடுத்ததைக் காக்க முடியாமல் போனதால் மாதரி தீயில் புகுந்து இறந்ததாகவும் அந்தக் காவியம் சொல்கிறது. வாங்கிக்கொண்டவர் மேல் அவ்வளவு பாரம் இறங்கும் சொல் இது. "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" என்ற சங்கீதம் 46ஐ இந்தப் பொருளோடு படித்தால், அடைக்கலத்துக்குப் பக்கத்தில் பெலன் ஏன் வந்து நிற்கிறது என்பது புரியும். பாரம் வேறு கைக்குப் போன பிறகு நிமிர முடிகிறது.

'சரணாகதி'யைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். தவறில்லை, சரணம் என்பதற்கும் புகலிடம் என்ற பொருள் உண்டு. ஆனால் 'கோர்ட்டில் சரண்' என்று தினமும் செய்தியில் படித்துப் படித்து, அதில் தோற்றவன் சாயல் ஏறிவிட்டது. பிரசங்க மேடையில் சொல்லும் 'சரண்டர்' என்பதற்கும் அதே கதிதான்.

பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். நான்காவது வார்த்தை "ஏன் என்னைக் கைவிட்டீர்", ஏழாவது "உம்முடைய கைகளில்". நான்காவது மத்தேயுவிலும் மாற்குவிலும் இருப்பது, ஏழாவது லூக்காவில். இரண்டிலும் 'கை' வருவது தமிழில் அமைந்த பொருத்தம், மூலத்தில் கிடையாது. இருந்தாலும் கைவிட்டதாகத் தோன்றிய அந்தக் கையிடமே கொடுப்பதுதான் ஒப்புக்கொடுத்தல் என்பதைத் தமிழ் தற்செயலாகப் பிடித்துவிட்டது.

அப்புறம், ஒப்புக்கொடுத்தவர் அழக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது என்று யாராவது சொன்னால், சங்கீதம் 31ஐ முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வசனத்தில் ஆவியை ஒப்புவித்தவர், ஒன்பதாம் வசனத்தில் "நான் நெருக்கப்படுகிறேன்" என்கிறார். பன்னிரண்டாம் வசனத்தில் "உடைந்த பாத்திரத்தைப்போலானேன்" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்.