ஜெரிமாண்டர்: வளைத்துப் போட்ட தொகுதி

அமெரிக்க மாநிலத் தேர்தல் செய்திகளைத் தமிழில் படிக்கும்போது இரண்டு சொற்கள் என் கண்ணை உறுத்துகின்றன. ஒன்று, 'சட்டமன்ற மாவட்டம்'. மற்றொன்று, கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதிக் கோடுகளை வளைத்து வரைவதைக் குறிக்கும் 'ஜெரிமாண்டரிங்'. முதலாவது தவறான மொழிபெயர்ப்பு. இரண்டாவதை யாரும் மொழிபெயர்க்க முன்வரவே இல்லை.

முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 'டிஸ்ட்ரிக்ட்' என்றதும் கை தானாக 'மாவட்டம்' என்று எழுதிவிடுகிறது. மாவட்டம் என்பது ஆட்சியர் நிர்வகிக்கும் பகுதி. அமெரிக்காவில் அதற்கு நெருங்கி வருவது 'கவுண்டி'. 'லெஜிஸ்லேட்டிவ் டிஸ்ட்ரிக்ட்' என்றால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பகுதி. நம்மிடம் அதற்குத் 'தொகுதி' என்ற அருமையான சொல் இருக்கிறது. தொகு, தொகை, தொகுப்பு, தொகுதி: எல்லாம் ஒரே வேர். நிலத்தைக் கூறு போடுவதைவிட, சேர்த்துத் தொகுப்பதை முன்னால் வைக்கும் சொல் இது. யாரை யாரோடு தொகுப்பது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்விதான் 'ஜெரிமாண்டர்' என்ற சொல்லையே பெற்றெடுத்தது.

சொல் பிறந்த ஊர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன். ஆண்டு 1812. ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி, 1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவருடைய ஜனநாயகக் குடியரசுக் கட்சி மாநில மேலவைத் தொகுதிகளைப் புதிதாக வரைந்தது. 1812 பிப்ரவரி 11 அன்று கெரி அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது அவருக்கு விருப்பமான சட்டம் இல்லை என்று அவருடைய மருமகன் பின்னாளில் எழுதினார். விரும்பினாரோ இல்லையோ, கையெழுத்து அவருடையது.

வரைபடத்தில் எசெக்ஸ் கவுண்டிப் பக்கம் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். தெற்கே செல்சி, கடலோரமாக லின், மார்பிள்ஹெட், சேலம், அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் டான்வர்ஸ், மிடில்டன், ஆண்டோவர், பிறகு மெத்யூன், ஹேவரில் வழியாக வடகிழக்கு மூலையில் சாலிஸ்பரி. கவுண்டியின் ஓரங்களைச் சுற்றி ஒரே தொகுதி நீண்டு கிடந்தது. நியூபரிபோர்ட், இப்ஸ்விச், குளோஸ்டர் போன்ற ஊர்கள் அதன் அணைப்புக்கு உட்புறம் தனித்து விடப்பட்டன. மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெஸட்' இதழ் அந்த வரைபடத்தையே ஒரு விலங்காக வரைந்து வெளியிட்டது. சாலிஸ்பரி பல் நீட்டிய தலையானது. தென்பகுதி நகம் வைத்த கால்களானது. முதுகில் இறக்கை முளைத்தது. பார்க்க 'சாலமாண்டர்' போல இருந்தது. பல்லியைப் போன்ற உடலும் தவளையைப் போன்ற ஈரத்தோலும் கொண்ட உயிரினம் அது. தமிழ்நாட்டில் இல்லாததால் தமிழில் அதற்குப் பெயரும் இல்லை. 'கெரி'யும் 'மாண்டரும்' ஒட்டிக்கொண்டு 'கெரிமாண்டர்' ஆனது. கெரி பிறந்த மார்பிள்ஹெட்டும் அந்த விலங்கின் உடலில்தான் இருந்தது.

ஆளுநர் தம் பெயரைக் ககரத்தில் தொடங்கிக் 'கெரி' என்றுதான் ஒலித்தார். சொல் நாட்டைச் சுற்றி வந்தபோது ஜகரத்துக்கு மாறிவிட்டது. ஆகவே ஆளைக் 'கெரி' என்றும் சொல்லை 'ஜெரிமாண்டர்' என்றும் எழுதுவதே சரி. இரண்டையும் 'ஜெரி' ஆக்கிவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

அந்த ஆண்டுத் தேர்தலில் எதிர்த்தரப்பான ஃபெடரலிஸ்ட் கட்சியினர் மாநில மேலவைக்கு 51,766 வாக்குகள் பெற்று 11 இடங்களில் வென்றார்கள். கெரியின் கட்சியினர் 50,164 வாக்குகளில் 29 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். மாநிலம் முழுவதும் ஒரே வாக்காக எண்ணப்படும் ஆளுநர் தேர்தலில் கெரி தோற்றார். கோடு போட இடமில்லாத தேர்தலில் அவர் கட்சிக்குக் கோடு உதவவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஒரு தெருவில் 15 வீடுகள். 9 வீடுகள் ஒரு கட்சி, 6 வீடுகள் மற்றொரு கட்சி. ஐந்து ஐந்து வீடாக மூன்று தொகுதிகள் போட வேண்டும். கோடு போடும் பென்சில் 6 வீட்டுக் கட்சியின் கையில். பெரிய கட்சியின் 5 வீடுகளை ஒரே தொகுதியில் அடைத்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள 4 வீடுகளை இரண்டு இரண்டாகச் சிதறடித்து, ஒவ்வொன்றிலும் தங்கள் 3 வீடுகளைச் சேர்க்கிறார்கள். சிறிய கட்சிக்கு இரண்டு தொகுதி, பெரிய கட்சிக்கு ஒன்று. ஒரு கள்ள ஓட்டுகூட விழவில்லை. அடைத்தல், சிதறடித்தல் என்ற இந்த இரண்டு வேலைகளும் தெரிந்துவிட்டால் எந்த மாநிலத்து வரைபடத்தையும் படிக்கலாம். விஸ்கான்சின் மாநிலக் கீழவைக்கு 2018இல் நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சி மாநில அளவில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. கிடைத்த இடங்கள் 99இல் 36.

கோட்டை வளைக்காமலும் இதே அநீதியைச் செய்யலாம். மக்கள்தொகை மாறிய பிறகும் கோட்டைத் திருத்தி வரையாமலே விட்டுவிட்டால் போதும். அலபாமாவில் 1960களின் தொடக்கத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஜெஃபர்சன் கவுண்டிக்கு மேலவையில் ஓர் உறுப்பினர். 15,417 பேர் வாழ்ந்த லவுண்டஸ் கவுண்டிக்கும் ஓர் உறுப்பினர். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களுக்குத்தான் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்லர் என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். 'தொகுதி' என்ற நம் சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. ஆனால் கட்சி ஆதாயத்துக்காக வளைப்பதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. அது எனக்கு வருத்தம் தந்த தீர்ப்பு.

இனித் தமிழ்ச் சொல். 'மறுவரையறை' இதற்குப் பொருந்தாது. மறுவரையறை மக்கள்தொகைக்கு ஏற்பக் கோடுகளைத் திருத்தும் கடமை. இந்தியாவில் அதற்குத் தனி ஆணையம் அமைக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கும் இப்போதுள்ள எல்லைகள் 2008 ஆணையில் வந்தவை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அந்த வேலை சட்டமன்றத்தின் கையிலேயே இருக்கிறது; வளைக்கும் ஆசைக்கு அங்கேதான் வழி திறக்கிறது. கடமையின் பெயரையே குற்றத்துக்கும் சூட்டினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். 'எல்லை மோசடி' என்றால் நாட்டு எல்லையா, நில அளவையா என்ற குழப்பம் வரும். 'திரிப்பு' நல்ல சொல்தான், ஆனால் உருவம் கோணலாவதை மட்டுமே அது சொல்கிறது. இன்று கணினியில் வரையும் தொகுதிகள் கட்டம் கட்டமாக அழகாக இருந்துகொண்டே அநியாயம் செய்கின்றன.

நான் பயன்படுத்துவது 'தொகுதி வளைப்பு'. ஊரில் புறம்போக்கில் வேலி போட்டவரைப் பார்த்து "வளைத்துப் போட்டுவிட்டான்" என்கிறோம். வேலி நேராக இருந்தாலும் வளைத்ததுதான். கோடு வளைந்ததையும் உரிமை பறிபோனதையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் இந்த ஒரு வினை இருக்கிறது. வினையாகத் 'தொகுதியை வளைத்தார்கள்' என்றும், எச்சமாக 'வளைக்கப்பட்ட தொகுதி' என்றும் தயக்கமின்றி எழுதலாம். குற்றச்சாட்டு மட்டும் எழுந்திருக்கிறது என்றால் 'தொகுதி வளைப்புப் புகார்' என்று எழுத வேண்டும். 1812ஆம் ஆண்டின் அந்தக் கேலிச் சித்திரத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் 'ஜெரிமாண்டர்' அப்படியே இருக்கட்டும்; அது அந்த விலங்கின் பெயர்.